குசினியில் ஆர் நிக்கினம்? இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

"இதென்ன மோனை, பாயாசத்துக்குள்ள கோழியைப் போட்டுத் தந்திருக்கிறாங்கள்?"

பட்டர் சிக்கனை முதன்முதலாக வாயில் வைத்துவிட்டுப் பெரியம்மா சொன்னது இது. ஏ9 வீதியோரம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடை. வாசலில் கலர் பல்பு, மேலே "நோர்த் இந்தியன், சவுத் இந்தியன், சைனீஸ்" என்று மூன்று வரியில் போர்ட். தம்பிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் குடும்பமாக ஐந்து பேர் போனோம். மெனு அட்டையில் நூற்றுச் சொச்சம் பெயர்கள். வாசிக்க முடிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. தம்பி படத்தைப் பார்த்து மூன்றைக் காட்டினான். வந்தது மூன்று கிண்ணத்திலும் ஒரே செம்மஞ்சள் குழம்பு. ஒன்றில் கோழி, ஒன்றில் பனீர், மற்றதில் ஏதோ உருண்டை. அப்பா சோறு எப்போது வரும் என்று குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பில் வந்தபோது அம்மா வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது.

அதே நேரம் பக்கத்து மேசையில் இரண்டு லொறிக்காரர் பரோட்டாவைப் பிய்த்து, தண்ணிப்பதமான ஒரு குழம்பில் தோய்த்து, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வாசனை எங்கள் மேசைக்கு வந்து வந்து போனது.

காசு கட்டும்போது கதை கொடுத்துப் பார்த்தேன். குசினியில் நின்றவர் சின்ன வயதிலேயே கடல் தாண்டிப் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, மதுரையில் ஒரு கடையில் தொழில் பழகி, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியவர். பரோட்டாவும், அதற்கு ஊற்றுகிற அந்தத் தண்ணிக் குழம்பான சால்னாவும் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். பட்டர் சிக்கன் யூடியூபில் பார்த்துச் செய்வது. நாங்கள் அவருக்கு வராததையெல்லாம் கேட்டு வாங்கிவிட்டு, வருவதைப் பக்கத்து மேசைக்கு விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி, ஒருமுறை மன்னார் என்று பல கடை ஏறி இறங்கியாயிற்று. இப்போது தெரிந்தவர்கள் "முதல்தரம் போறம், என்ன எடுக்கிறது?" என்று போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் சுகம்.

முதற்படி: மெனுவைத் திறக்க முன்னம் கேட்கவேண்டிய கேள்வி

மேசையில் இருந்ததும் மெனுவை எடுக்காதீர்கள். ஓடர் எடுக்க வருகிற பிள்ளையிடம் ஆறுதலாகக் கேளுங்கள்: "தம்பி, குசினியில ஆர் நிக்கினம்? எந்த ஊர்ச் சமையல்?"

பொலிஸ் விசாரணை மாதிரிக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும். சிரித்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். சில இடத்தில் சமையல்காரரே துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கதைப்பார். அப்படி வந்தால் உங்களுக்கு நல்ல காலம்.

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பஞ்சாப்காரர் வீட்டில் சாப்பிடுவதும் மதுரைக்காரர் வீட்டில் சாப்பிடுவதும் ஒன்றோடொன்று உறவே இல்லாத சாப்பாடுகள். அங்கே கொஞ்சம் பெரிய கடை என்றால் தந்தூர் அடுப்புக்கு ஒருவர், தோசைக்கல்லுக்கு ஒருவர், சைனீஸ் தாச்சிக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் மற்றவருடைய அடுப்பில் கை வைப்பது குறைவு. எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒருவரோ இருவரோதான் மூன்று அடுப்பையும் பார்க்கிறார்கள். மெனுவில் நூறு பெயர் இருந்தாலும் அவருடைய கைக்குப் படிந்தது ஐந்தோ ஆறோதான். அந்த ஐந்தாறைக் கண்டுபிடிப்பதுதான் முழு வித்தையும்.

பதில் எப்படி வந்தால் என்ன எடுப்பது? "மதுரையில பழகினவர்", "திருச்சியில இருந்தவர்" என்றால் பரோட்டா, சால்னா, மட்டன் சுக்கா (வரட்டலாகப் பிரட்டின ஆட்டிறைச்சி), தோசை, மதியத்தில் சாப்பாடு. மெனுவின் வடஇந்தியப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவேண்டாம். "டுபாயில ஹோட்டலில நிண்டவர்", "கொழும்பில இந்தியன் கடையில வேலை செய்தவர்" என்றால் தந்தூர்ப் பக்கம் போகலாம். "எல்லாம் செய்வார் அண்ணை" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அப்படியான இடத்தில் நான் ஒரு மசாலாத் தோசையும் ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

இரண்டாவது: எப்போது போவது

தந்தூர்ச் சாமான் வேண்டுமென்றால் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு போங்கள். தந்தூர் என்பது வேறொன்றும் இல்லை, நிமிர்த்தி வைத்த போறணை. வாய் ஒடுங்கிய களிமண் பானை, அடியில் கரி. எங்கள் பக்கத்துக் கடைகளில் தகர பரலுக்குள் களிமண் பானையை இறக்கி, இடைவெளியை அடைத்து வைத்திருப்பார்கள். அது சரியான பதத்துக்குச் சூடாக ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டச் செல்லும். கரி விற்கிற விலையில் சின்னக் கடைக்காரர் மதியமும் மூட்ட மாட்டார். மதியம் போய் "நான்" ரொட்டி கேட்டால் தோசைக்கல்லில் சுட்டதோ, முதல்நாள் இரவு சுட்டு வைத்ததோதான் வரும்.

முடிந்தால் தந்தூர் தெரிகிற மேசையாகப் பார்த்து இருங்கள். நான் ரொட்டி சுடுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. சமையல்காரர் மாவுருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் மாறி மாறித் தட்டி, வீச்சு ரொட்டிக்காரர் வீசுவதில் கால்வாசி வீசி, பஞ்சடைத்த ஒரு தலையணையில் விரிப்பார். மேலே தண்ணி தடவுவார். பிறகு தோள் வரைக்கும் கையை அந்தக் கிணற்றுக்குள் விட்டு, சுவரில் பட்டென்று அறைவார். ஈரப்பக்கம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே 400 பாகை செல்சியஸ் வரை சூடு நிற்கும். ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம் போனால் மேற்பக்கம் கொப்பளம் கொப்பளமாக எழும்பிக் கறுக்கும். இரண்டு கம்பியை விட்டு, ஒன்றால் கிளப்பி மற்றதால் கொழுவி எடுப்பார். அவருடைய வலது முன்கையில் மயிரே இராது. மயிர் இல்லாத கையைக் கண்டால் நம்பிச் சாப்பிடலாம் என்பது என்னுடைய சொந்தச் சாத்திரம்.

வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கிற வீட்டுக்காரருக்கு ஒரு சொல். இந்தக் கடைகளில் மரக்கறிப் பக்கம் பெரிது, பயமில்லை. ஆனால் கோழி குத்திய கம்பியும் நான் ரொட்டியும் ஒரே தந்தூருக்குள்தான் போகும். சில கடையில் நான் ரொட்டி மாவுக்கு முட்டையும் போடுவார்கள். கந்தசஷ்டி விரதம், நவராத்திரி என்று கடுமையாக இருப்பவர்கள் கல்லில் சுட்ட சப்பாத்தியையோ தோசையையோ எடுப்பது நல்லது. "முட்டை போடுறனியளோ?" என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

மூன்றாவது: மெனுவில் உள்ள சொற்கள்

இரண்டு வகைச் சொல் உண்டு. தெரியாத சொல், தெரிந்தது போல இருந்து ஏமாற்றுகிற சொல். தெரியாத சொல்லால் பெரிய ஆபத்தில்லை. ஆலு என்றால் உருளைக்கிழங்கு, மட்டர் என்றால் பச்சைப் பட்டாணி, பிண்டி என்றால் வெண்டிக்காய், பைங்கன் என்றால் கத்தரிக்காய், சன்னா என்றால் எங்கள் கடலை, முர்க் என்றால் கோழி, கீமா என்றால் கொத்தின இறைச்சி. பாலக் ஒரு கீரை. கடாய் என்றால் எங்கள் தாச்சிதான், அதில் போட்டுப் பிரட்டி எடுத்த கறி. ஜீரா ரைஸ் என்பது சின்னச்சீரகம் தாளித்துப் போட்ட பாஸ்மதிச் சோறு. பெயர்தான் பெரிது.

கோபி என்றால் பூக்கோவா. எங்கள் மாமா ஒருவர் கோபி மஞ்சூரியனைக் கண்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னம் கோப்பி வேண்டாம் தம்பி, பிறகு குடிப்பம்" என்றார். அது கோப்பியுமில்லை, மஞ்சூரியாச் சாப்பாடும் இல்லை. இந்தியாவில் இருந்த சீனச் சமையல்காரர்கள் அந்த நாக்குக்கு ஏற்றமாதிரி உருவாக்கிய வகை. சிக்கன் மஞ்சூரியன் கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975 இல் மும்பையில் செய்தது என்று சொல்வார்கள். பூக்கோவா பிறகு வந்து சேர்ந்தது.

ஏமாற்றுகிற சொல்லுக்குத்தான் கவனம் வேண்டும். ரொட்டி என்று மெனுவில் இருந்தால் தேங்காய்ப்பூப் போட்ட எங்கள் ரொட்டி வராது. ஆட்டா மாவில் தந்தூரில் சுட்ட, கொஞ்சம் வரண்ட ஒன்று வரும். நான் என்பது வெள்ளைக் கோதுமை மாவில் செய்வது. சீனி வருத்தக்காரருக்குத் தந்தூரி ரொட்டி பரவாயில்லை. அப்பாவுக்கு அதுதான் எடுப்போம். அச்சார் என்றால் எண்ணெயில் ஊறின ஊறுகாய். வினாகிரியில் போட்ட எங்கள் அச்சாறு மாதிரி வாயில் அள்ளிப் போட்டால் கண்ணால் தண்ணி வரும். தோசை பேரளவில்தான் எங்கள் தோசை. வீட்டில் உழுந்தோடு கோதுமை மாவும் சேர்த்துக் கரைத்து, மஞ்சளும் தாளிதமும் போட்டு மொத்தமாகச் சுடுவோம். அவர்கள் மூன்று நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உழுந்து போட்டு அரைத்து, மெல்லிதாக இழுத்து முறுகச் சுடுவார்கள். அந்த முறுகல் ஐந்து நிமிசம்தான் நிற்கும். எல்லோருக்கும் வரட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தால் தோல்தான் சாப்பிடவேண்டி வரும்.

தமிழ்நாட்டில் பழகின சமையல்காரரோடு கதைக்கும்போது இன்னொரு கூத்து. "என்ன கறி இருக்கு?" என்று கேட்டால் அவர் மட்டனும் சிக்கனும் சொல்வார். அங்கே கறி என்றாலே இறைச்சி. நாங்கள் பருப்பையும் பூசணிக்காயையும் நினைத்துக் கேட்டிருப்போம். உறைப்புக்கு அங்கே காரம். எங்கள் சீனி அவர்களுக்குச் சர்க்கரை, எங்கள் சர்க்கரை அவர்களுக்கு வெல்லம். "சர்க்கரை போடாமல் ஒரு லஸ்ஸி" என்றால் அவர் சீனி போடாமல் தருவார், நீங்கள் புளித் தயிரைக் குடித்து முகத்தைச் சுளிப்பீர்கள்.

நான்காவது: மூன்று நிற விதி

வடஇந்தியப் பக்கம் எடுப்பதென்று முடிவாகிவிட்டால் இதை மட்டும் மனதில் வையுங்கள். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் அல்லது கறுப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, அதோடு குழம்பில்லாமல் வரட்டலாக ஒன்று. நாலு ஐந்து பேருக்கு அதுவே போதும்.

நாங்கள் முதல்நாள் மாட்டுப்பட்டது இங்கேதான். இந்தக் கடைகளில் ஓடர் வந்தபிறகு வெங்காயம் வெட்டி ஒவ்வொரு குழம்பையும் ஆதியிலிருந்து வைப்பதில்லை. வெங்காயம், தக்காளி, கஜு எல்லாம் அவித்தரைத்த பொதுக்குழம்பு ஒன்று காலையிலேயே சட்டி நிறைய வைத்தாகிவிடும். அதில் ஓர் அகப்பை எடுத்து, பட்டரும் கிறீமும் விட்டுக் கோழியைப் போட்டால் பட்டர் சிக்கன், பனீரைப் போட்டால் பனீர் பட்டர் மசாலா. அது களவில்லை, எல்லா இடத்திலும் உள்ள கடைப் பழக்கம். சிவப்புக் குழம்பில் மூன்றை எடுத்தவன்தான் பேயன்.

வரட்டலுக்குச் சிக்கன் டிக்காவோ தந்தூரிச் சிக்கனோ. டிக்கா எலும்பில்லாத துண்டு, தந்தூரி எலும்போடு. தயிர், இஞ்சி, உள்ளி, மிளகாய்த்தூளில் ஊறவைத்துக் கம்பியில் குத்திச் சுடுவது. அந்தச் சிவப்பைக் கண்டு பிள்ளைகளுக்குக் குடுக்கப் பயப்படாதீர்கள். காஷ்மீரி மிளகாய்க்கு நிறம் கூட, உறைப்புக் குறைவு. கடும் ரோசா நிறத்தில் பளபளத்தால் அது மிளகாயில்லை, கலர்த்தூள்.

சிவப்புக்குப் பட்டர் சிக்கன், நல்ல கை என்றால் மட்டும். இதன் கதை எனக்குப் பிடிக்கும். 1947 இல் பிரிவினை வந்தபோது பெஷாவரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தில்லிக்கு ஓடிவந்தவர்கள் தரியாகஞ்சில் மோதி மஹால் என்று ஒரு கடை போட்டார்கள். தந்தூரில் சுட்ட கோழி மிஞ்சினால் காய்ந்துபோகுமே என்று தக்காளியும் பட்டரும் சேர்ந்த குழம்புக்குள் போட்டதில் வந்தது என்பது கதை. யார் முதலில் போட்டது என்று அந்தப் பங்காளிகளின் வழித்தோன்றல்கள் 2024 இல் தில்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். வழக்கில் யார் வென்றாலும் எனக்கு ஒன்றுதான். இடம்பெயர்ந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்த சாப்பாடு அது. எங்கள் அம்மா ஒவ்வொரு ஓட்டத்திலும் இடியப்ப உரலை மட்டும் விடாமல் தூக்கி வந்தவ. அந்தக் கதையை அவவுக்குச் சொன்னபோது, "அப்ப சீனியைக் குறைச்சுப் போடச் சொல்லு, இன்னொருக்காச் சாப்பிட்டுப் பாப்பம்" என்றா.

பச்சைக்குப் பாலக் பனீர். பனீர் என்ன என்று அம்மா கேட்டா. கொதித்த பாலுக்குள் தேசிக்காய் விட்டு, திரைஞ்சு வருவதை வடித்து, பாரம் வைத்து அமத்தினது என்றேன். "திரைஞ்ச பாலுக்கோ இவ்வளவு காசு?" எங்கள் வீட்டில் பசு நின்ற காலத்தில் திரைஞ்ச பால் நாய்க்குப் போனது. நல்ல பனீர் விரலால் அமத்தினால் இறங்கி எழும்பும், பல்லில் றப்பர் மாதிரிக் கீச்சிடக் கூடாது. எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் உறைய வைத்துத்தான் வருகிறது, ஆகவே கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மஞ்சளுக்குத் தால் தட்கா. பருப்புக்கறிதான், ஆனால் தேங்காய்ப்பால் இல்லை. நெய்யில் சின்னச்சீரகம், உள்ளி, செத்தல் மிளகாய் தாளித்துக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றியிருப்பார்கள். முதன்முதலாகப் போகிற எவருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். விலையும் குறைவு, பிழைக்கிற சாத்தியமும் குறைவு.

மஞ்சளுக்குப் பதிலாகக் கறுப்பு எடுக்கலாம் என்றேன், அது தால் மக்கனி. முழு உழுந்தைத் தோலோடு ராஜ்மாப் பயறும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காகக் காயவிட்டு, பட்டரும் கிறீமும் விட்டது. வவுனியாப் பக்கம் மானாவாரியில் உழுந்து போடாத காணி குறைவு. நாங்கள் அதைத் தோலுரித்துத் தோசைக்கும் வடைக்கும் அரைப்போம், பிள்ளை பெரியபிள்ளையானால் உழுத்தங்களி கிண்டுவோம். தோலோடு கறியாக வைப்பது எங்கள் கற்பனையில் வரவேயில்லை. உழுந்து விதைக்கிற சித்தப்பா முதல்வாய் சாப்பிட்டுவிட்டு அகப்பையால் கிளறிக் கிளறிப் பார்த்தார். "தோலைக் கழிக்கிற வேலை மிச்சம்" என்பது அவருடைய தீர்ப்பு. கேட்கும்போது "இண்டைக்கு வைச்சதோ, நேற்றையதோ?" என்று கேளுங்கள். நேற்றையது என்றால் சந்தோஷமாக எடுங்கள், மீன்குழம்பு மாதிரித்தான், மறுநாள் இன்னும் சேரும்.

நான் ரொட்டி ஆளுக்கு ஒன்றரைக் கணக்கு. ஒரேயடியாக வாங்காதீர்கள். பத்து நிமிசம் ஆறினால் செருப்புத் தோல். இரண்டிரண்டாகச் சூட்டோடு சொல்லுங்கள். அப்பா மாதிரிச் சோறு இல்லாமல் எழும்பாதவர்கள் இருந்தால் ஒரு ஜீரா ரைஸ் நடுவில் வைத்துக்கொள்ளலாம். கொத்து ரொட்டியும் மெனுவில் இருக்கும். அதை இங்கே வந்து எடுப்பதென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

தென்னிந்தியப் பக்கத்துக்கு விதி ஒன்றும் இல்லை. பரோட்டா, சால்னா, சுக்கா, ஒரு ஓம்லெட், அவ்வளவுதான். புரியாணியைப் பற்றி ஒரே வரி: வெள்ளி, ஞாயிறில் தம் போட்டுச் செய்தால் எடுங்கள், மற்ற நாட்களில் மஞ்சள் சோற்றுக்குள் கோழிப்பொரியல்தான் வரும்.

ஐந்தாவது: சாப்பிடுகிற முறை

எங்கள் பழக்கம் என்ன? கோப்பையில் சோறு, சுற்றிவர ஐந்தாறு கறி, நடுவில் சொதி, எல்லாவற்றையும் குழைத்து ஒரு பிடி. இங்கே அப்படிக் குழைத்தால் கெட்டுப்போகும். பாலக்கும் பட்டர் சிக்கனும் கலந்தால் ஒன்றுக்கும் ருசி மிஞ்சாது. ஒரு நேரத்தில் ஒன்று. நானில் இரண்டு விரலகலத் துண்டு பிய்த்து, படகு மாதிரி மடித்து, குழம்பைக் கோலி எடுத்து வாயில் வையுங்கள். தோய்த்து ஊறவிடவேண்டாம். அடுத்த கிண்ணத்துக்குப் போக முன்னம் ஒரு துண்டு வெங்காயம் கடித்துக்கொண்டால் வாய் கழுவினது போல இருக்கும். பக்கத்தில் வைக்கிற வெங்காயமும் தேசிக்காயும் அதற்குத்தான், அலங்காரத்துக்கில்லை. தந்தூரிச் சிக்கனுக்குத் தேசிக்காயைப் பிழிந்து, பச்சைச் சட்னியைத் தொட்டுச் சாப்பிடவேண்டும். அது புதினாவும் கொத்தமல்லியும் அரைத்தது, சம்பல் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டு மதியச் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு உண்டு. சோற்றை மூன்று நாலு பங்காகப் பிரித்து, முதலில் சாம்பார், பிறகு காரக்குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். முதற்பங்கிலேயே வயிற்றை நிரப்பினால் ரசத்துக்கு இடமிராது. நல்ல ரசம் வைக்கிற கடையில் அது பெரிய நட்டம்.

உறைப்பு

இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் விழுவது இதில்தான். "உறைப்பே இல்லை, என்ன சாப்பாடு?" எங்கள் கறித்தூளில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு எல்லாம் கறுக்க வறுத்து இடித்தது. அந்த வறுவலும் உறைப்பும்தான் எங்களுக்குக் கறி. அவர்கள் கறுவா, கராம்பு, ஏலக்காய் வாசனையைக் கடைசியில் தூவுவார்கள். வாசம் முன்னுக்கு வரும், உறைப்புப் பின்னால் மெதுவாக வரும், வராமலும் விடும். பட்டர் மசாலாவுக்கு மேலே மிளகாய்த்தூள் போடச் சொல்லிக் கேட்டு நான் கெடுத்திருக்கிறேன். பாயாசத்துக்கு மிளகாய்த்தூள் தூவினது மாதிரித்தான் இருந்தது, பெரியம்மா சொன்னது சரி. உறைப்பு வேண்டுமென்றால் உறைப்பான பண்டத்தை எடுங்கள். கடாய்ச் சிக்கன், மட்டன் சுக்கா, சிக்கன் 65. அறுபத்தைந்து என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சென்னை மவுண்ட் ரோட்டுப் புகாரி உணவகத்தில் 1965 இல் வந்ததால் அந்தப் பெயர் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

பில்லும் பார்சலும்

பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சின்னக் கடைகள் பெரும்பாலும் போடுவதில்லை. போட்டிருந்தால் மேலதிகமாகப் பிள்ளைக்குக் காசு வைப்பது உங்கள் விருப்பம். 2024 இலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம், பதிவு செய்த கடை என்றால் அதுவும் ஏறும். மெனு விலையில் அது அடங்கியதா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தேவையிராது.

மிஞ்சினதைக் கட்டாயம் கட்டித் தரச் சொல்லுங்கள். கடாய்ச் சிக்கன் மறுநாள் காலைப் பிட்டுக்கு அருமை, இதை எந்தப் பஞ்சாபியும் அறிந்திருக்க மாட்டார். தால் தட்கா பாணுக்கு. பட்டர் குழம்பைப் பெரு நெருப்பில் சூடாக்கினால் நெய் பிரிந்துவிடும். ஒரு கரண்டி பால் விட்டு மெல்லிய நெருப்பில் காட்டுங்கள். நான் ரொட்டி மிஞ்சினால் தண்ணி தெளித்துக் காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் ஒரு பிரட்டு.

போன மாதம் அதே கடைக்கு மறுபடி போனோம். இந்தமுறை மெனு கேட்கவில்லை. சமையல்கார அண்ணையையே கூப்பிட்டு, "உங்களுக்கு விருப்பமானதாப் பாத்துப் போடுங்கோ" என்றோம். பரோட்டாவை மேசைக்குக் கொண்டுவந்து, ஆவி பறக்க இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, சால்னாவை அவரே ஊற்றினார். சுக்காவில் மிளகு கடிபட்டது. பெரியம்மா இரண்டாவது பரோட்டாவுக்குக் கையை நீட்டியபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பில்லோடு சின்னத் தட்டில் பெருஞ்சீரகமும் கற்கண்டும் வந்தது. சாப்பிட்ட பிறகு சமிக்கவும் வாய் மணக்கவும் வைப்பது. பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தா.

"வறுக்கேல்ல" என்றா. பிறகு தட்டில் மிஞ்சினதை முந்தானைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பினா.